கடலுக்கு அரைக் குடம்

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் சுரண்டையில் எங்கள் அத்தையின் புலம்பலும் தொடங்கிவிடும். "இம்புட்டுத் தண்ணியும் கடல்ல போயில்லா வீணா விழுது!" கிணற்றை நம்பிக் காய்கறி போடும் ஊர். அங்கே அது நியாயமான புலம்பல்தான். அந்த அத்தை வீட்டுக்குள்ளேயே போன வருஷம் ஒரு கடல் வந்து சேர்ந்தது.

கொண்டுவந்தவன் அவள் மகன். வளைகுடாவில் வேலை, 45 நாள் லீவில் வந்திருந்தான். புது வீட்டில் பூச்சு வேலை நடந்துகொண்டிருந்தது. ஹாலுக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவிலுள்ள சுவரில் ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்துக்குக் கண்ணாடித் தொட்டி பதிக்க வேண்டும், அதில் கடல் மீன் விட வேண்டும் என்றான். "அங்க ஒரு ஓட்டல்ல பாத்தேன் அத்தான். செவுத்துல கடல் தொங்குத மாதிரி இருந்துச்சு."

கொத்தனார் முதலில் கேட்டது தண்ணீர்க் கணக்கை. 24 கன அடி என்றால் சுமார் 680 லிட்டர். கடல்நீர் நல்ல தண்ணீரைவிடச் சற்றுக் கனம் என்பதால் தண்ணீர் மட்டுமே 700 கிலோ பக்கம். 12 மில்லிமீட்டர் கண்ணாடி, கல், மணல், அடியில் வடிகட்டித் தொட்டி எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய ஒரு டன். "அப்ப செவுத்துக்குள்ள ஒரு காரை நிப்பாட்டணும்ங்கீய" என்றார். கட்டிய சுவரை இடித்துவிட்டு, தரையிலிருந்து கான்கிரீட் மேடை எழுப்பினார். சாப்பாட்டு அறைப் பக்கம் ஆள் நின்று கையை விட்டுச் சுத்தம் செய்ய ஒரு கதவு வைத்தார். இரும்பை மட்டும் எங்கும் சேர்க்கவில்லை. தெறிக்கும் துளி காய்ந்து உப்புப் பூத்தால் இரும்பு என்ன கதியாகும் என்பதற்குத் திருச்செந்தூர்ப் பக்கத்து ஜன்னல் கம்பிகளே சாட்சி.

அடுத்தது உப்பு. "தூத்துக்குடி பக்கத்துல கெடக்கு. ரெண்டு மூட்டை வாங்கிப் போட்டா முடிஞ்சுது" என்றாள் அத்தை. கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. 680 லிட்டருக்கு 24 கிலோ போதும். எடை சரிதான், சரக்குத்தான் தப்பு. உப்பளத்தில் கடல்நீர் சுண்டும்போது சுண்ணச்சத்தின் பெரும்பகுதி ஜிப்சமாக முன்னாலேயே படிந்துவிடும். அதன் பிறகுதான் நாம் சோற்றில் போடும் உப்பு விளைகிறது. மக்னீசியமும் பொட்டாசியமும் மிஞ்சிய கசப்பு நீரோடு வெளியே போய்விடும். கடலில் மீனுக்கும் மற்ற உயிர்களுக்கும் வேண்டியதில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் நமக்கு உப்பு வருகிறது. கடலிலிருந்து உப்பை எடுத்துவிடலாம். அந்த உப்பைக் கொண்டு கடலைத் திருப்பிச் செய்ய முடியாது.

1850களில் லண்டனில் இருந்துகொண்டு கடலுயிர்களை வளர்த்த ஃபிலிப் ஹென்றி காஸ் என்ற இயற்கையியலாளருக்கும் இதே பாடுதான். கரையிலிருந்து நீர் சுமந்து மாளாமல், சோற்றுப்பும் பேதிக்குக் கொடுக்கும் எப்சம் உப்பும் இன்னும் சில உப்புகளும் கலந்து செயற்கைக் கடல்நீர் செய்து பார்த்தார். இன்று பைகளில் விற்கும் கடலுப்புக் கலவைக்கு அதுதான் முன்னோடி. அத்தை வீட்டுக்கு வந்ததும் அப்படி ஒரு பைதான்.

பிறகு பாறை. ஒரு கடைக்காரர் பவளப்பாறைத் துண்டைக் காட்டி, "இது போட்டாத்தான் சார் உயிரோட்டம்" என்றார். 2001 முதல் பவளப்பாறை, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதாவது புலிக்கு உள்ள பாதுகாப்பு அதற்கும் உண்டு. கடல் குதிரைக்கும் அப்படித்தான். மன்னார் வளைகுடாப் பவளத்தைச் சுண்ணாம்புக்காக ஆண்டாண்டாக வெட்டி எடுத்தார்கள். அங்குள்ள 21 தீவுகளில் இரண்டு மூழ்கிப்போனதற்கு அந்த வெட்டு ஒரு முக்கியக் காரணம். ஒரு காலத்தில் சுண்ணாம்பாகச் சுவரேறிய கடலை, இப்போது அலங்காரமாகச் சுவரேற்ற வேண்டாம் என்று பீங்கான் கல்லோடு திரும்பினோம்.

கல் வந்தது, உப்பு வந்தது, விளக்கு எரிந்தது. மீன் மட்டும் வரவில்லை. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா மீனையே கொல்லும். அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகக் கேடு செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் அந்தக் கல்லிலும் மணலிலும் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை வெறும் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தெருவே வந்து பார்த்தது. "மீன் எங்க?" என்று கேட்டவர்களுக்கு, "கண்ணுக்குத் தெரியாதது மொதல்ல வரணுமாம்" என்று அத்தையே பதில் சொல்லப் பழகிக்கொண்டாள்.

லீவு முடிந்து அவன் விமானம் ஏறிய மறுவாரம்தான் ஒரு ஜோடி கோமாளி மீன் வந்தது. கடலில் பிடித்ததல்ல, பண்ணையில் பொரித்தது. மண்டபம் என்ற ஊரில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் இந்த மீனைக் குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டியிருக்கிறார்கள். கோமாளி மீன் பிறக்கும்போது எல்லாமே ஆண். கூட்டத்தில் மேலோங்குவது பெண்ணாக மாறும். அது இறந்தால் அடுத்த ஆண் பெண்ணாகிப் பொறுப்பை ஏற்கும். இதைச் சொன்னபோது அத்தை ஆச்சரியப்படவில்லை. "ஆம்பள இல்லாத வீட்டுல நாங்க ஆம்பளயா மாறலையா?" என்றாள்.

மகன் ஊருக்குப் போனபின் கடல் அவள் பொறுப்பு. கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் அலை மோட்டார் ஓடுகிறதா என்று பார்ப்பாள். சித்திரை வெயிலில் தண்ணீர் சூடாகாமல் இருக்கக் குளிர்விக்கும் எந்திரம் ஓடுகிறதா என்றும் பார்ப்பாள். எல்லாவற்றையும்விட முக்கியம் அரைக் குடம் தண்ணீர். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அப்படியே நிற்கும். குறைந்ததை அன்றன்று நல்ல தண்ணீரால் ஈடுகட்டாவிட்டால் உப்பு ஏறி மீன் தவிக்கும். அடித்தொட்டிக் கண்ணாடியில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி அளவு வைத்திருக்கிறாள். பொட்டுக்குக் கீழே போனால் ஊற்ற வேண்டும். குழாயில் தண்ணீர் வராத நாளில் குடிப்பதற்கு முன்னால் அதற்கு எடுத்து வைத்துவிடுகிறாள்.

இந்த ஆனியில் அங்கே போயிருந்தேன். டிவியில் மெயினருவி ஆர்ப்பரித்துக் கொட்டிக்கொண்டிருந்தது. அது சிற்றாற்றுத் தண்ணீர். தாமிரபரணியில் கலந்து, புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவுக்குள் போய் விழுவது. புலம்பல் வரும் என்று காத்திருந்தேன். அத்தை குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி, பொட்டைக் குனிந்து பார்த்தபடியே சொன்னாள்:

"போவட்டும் எய்யா. அதுக்கும் பொட்டு எறங்கும்லா."