காட்டேரியோடு ஒரு கல்லறைச் சுற்றுலா

சென்ற பருவத் தேர்வு முடிந்த இரவு, விடுதி அறையில் பத்துப் பேர் ஒரு மடிக்கணினியைச் சுற்றி அமர்ந்து ஒரு ஜெர்மானியப் படம் பார்த்தோம். 1979இல் வெர்னர் ஹெர்சாக் எடுத்த 'நோஸ்ஃபெராட்டு'. இரத்தக் காட்டேரிக் கதைதான். மொட்டைத் தலை, நீண்ட நகம், எலிப் பல் என்று வருகிற அந்தப் பிரபுவைக் கண்டதும் பாதிப் பேர் போர்வைக்குள் போய்விட்டார்கள். நான் போகவில்லை என்று சொன்னால் மீதிப் பேர் சிரிப்பார்கள். ஆகவே அதை விட்டுவிடுகிறேன்.

படம் முடிந்ததும் விழுப்புரத்து நண்பன் ஒருவன், "ஏம்பா, உங்க ஊர்ல எலும்புக்கூடு செதுக்கின கல்லறை இருக்காமே, அங்க ஒரு டூர் போகலாமா? நடுராத்திரி பன்னிரண்டு மணிக்குப் போனாத்தான் மஜா" என்றான். எல்லோரும் கைதட்டினார்கள். பயணத் திட்டம் எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஏனென்றால் நான் பழவேற்காட்டுக்காரன். ஏரியில் வலை கட்டிப் பிழைக்கும் குடும்பம்.

இப்படிப் படம் பார்த்துவிட்டு ஊர் பார்க்கக் கிளம்புவது புதிதல்ல. இதே கதையை 1922இல் முர்னோ ஊமைப் படமாக எடுத்த விஸ்மார், லூபெக் நகரங்களுக்கு இன்றும் இரசிகர்கள் தேடிப் போகிறார்கள். நம்மிடமும் அத்தகைய படம் இல்லாமற் போகவில்லை. 1963இல் ஸ்ரீதர் எடுத்த 'நெஞ்சம் மறப்பதில்லை'யில் பாழடைந்த மாளிகையும் முன்பிறவி நினைவும் கிழட்டு ஜமீன்தாராக நம்பியாரும் தருகிற அச்சத்துக்கு அந்த மொட்டைத் தலை ஈடாகுமா என்று எனக்குச் சந்தேகமே.

ஆனால் ஹெர்சாக் படத்தைத் தேடிப் போகிறவனுக்குப் பழவேற்காடு பொருத்தமில்லாத ஊர் அன்று. காட்டேரி கப்பலேறி வந்து சேரும் ஊரின் தெருக்களையும் கால்வாய்களையும் அவர் ஒல்லாந்து நாட்டு டெல்ஃப்ட் நகரில் படமாக்கினார். எலிகளை ஆயிரக்கணக்கில் வரவழைத்தாராம். வந்தவை வெள்ளை எலிகள், ஆகவே சாம்பல் சாயம் பூசினாராம்! அந்த டெல்ஃப்ட், ஒல்லாந்தர் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆறு கிளை நகரங்களில் ஒன்று. அந்தக் கம்பெனியின் கப்பல்கள்தாம் எங்கள் ஏரி முகத்துக்கு வந்தன. 1610 வாக்கில் இங்கே காலூன்றி, 1613இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, 1690இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரை சோழமண்டலக் கரை வாணிபத்தையே இங்கிருந்து ஆண்டார்கள். துணி போயிற்று, கோட்டையில் செய்த வெடிமருந்து போயிற்று. 1825இல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு மாறியது.

சரி, பயணத் திட்டத்துக்கு வருவோம். நான் முதலில் எழுதியது இது:

காலை மின்சார ரயிலில் சென்னையிலிருந்து பொன்னேரி. அங்கிருந்து பேருந்து. இறங்கியதும் கருங்காப்பி. (காட்டேரிக்கும் வெளிச்சம் ஆகாது, விடுதி மாணவனுக்கும் விடியல் ஆகாது. ஆகவே காப்பி அவசியம்.) முதலில் ஒல்லாந்தர் கல்லறை. வாயிலின் இருபுறமும் முழு உருவில் நிற்கும் இரண்டு எலும்புக்கூடுகளுக்கு வணக்கம் சொல்லிப் படம் எடுத்துக்கொள்ளுதல். மதியம் வைரவன்குப்பம், சாத்தான்குப்பம். மாலையில் ஏரிக்கரையில் இருட்டும் வரை பேய்க்கதை. இரவு பன்னிரண்டு மணிக்கு மீண்டும் கல்லறை.

இதில் நள்ளிரவுப் பகுதியை நானே அடித்துவிட்டேன். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் அது. நம் வசதிக்கு நடுராத்திரியில் கதவு திறக்க மாட்டார்கள். அன்றியும் இரத்தம் குடிக்கும் ஜீவன் அங்கே நிச்சயம் உண்டு. அதற்குச் சிலுவையைக் கண்டும் பயமில்லை, பூண்டைக் கண்டும் பயமில்லை. கொசுவர்த்தி ஒன்றே மருந்து.

சாத்தான்குப்பம் என்ற பெயரைக் கண்டு நண்பர்கள் துள்ளியதையும் அடக்க வேண்டியதாயிற்று. மணிமேகலை பாடிய சாத்தனாரை மறந்துவிட்டுச் சாத்தானிடம் ஏன் ஓடுகிறோம்? சாத்தன் என்பது பழந்தமிழ்நாட்டில் வணிகருக்கும் புலவருக்கும் வழங்கிய பெயர். வைரவன் சுடுகாட்டுச் சாமிதான். ஆனால் காவல் சாமி. அந்த ஊர்ப் பிள்ளைகள் காலையில் புத்தகப் பை மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

விடுமுறைக்குப் போனபோது இந்தத் திட்டத்தை என் ஆயாவிடம் படித்துக் காட்டினேன். வலைக்கு ஊசி போட்டுக்கொண்டே கேட்டவர், "கல்லுல செதுக்குன எலும்பப் பாக்கவா அவ்ளோ தூரத்துலருந்து வர்றாங்க?" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்த ஒரு கேள்வி என் திட்டத்தைக் கலைத்துப் போட்டது.

மறுநாள் தனியாகக் கல்லறைக்குப் போனேன். சிறு வயதில் சுவரேறிக் குதித்து விளையாடிய இடத்தை அன்றுதான் வரலாற்று மாணவனாகப் பார்த்தேன். எழுபதுக்கும் மேற்பட்ட கல்லறைகள். பதினேழாம் நூற்றாண்டுச் செதுக்கு வேலை. குலச் சின்னங்களும் டச்சு எழுத்தும் இன்றும் கூர்மையாக நிற்கின்றன. வாயிலில் உள்ள எலும்புக்கூடும் மண்டையோடும் மணற்கடிகாரமும் நம்மைப் பயமுறுத்த வைத்தவை அல்ல. 'நீயும் ஒருநாள் இப்படித்தான்' என்று வருகிறவனுக்கு நினைவூட்ட அக்கால ஐரோப்பியர் கல்லில் வடித்த வழக்கம் அது. உள்ளே படுத்திருப்பவர்களுக்குப் பெயர் இருக்கிறது, பிறந்த ஊர் இருக்கிறது, இறந்த தேதி இருக்கிறது. காய்ச்சலில் மாண்ட சிறுவயதினரும் அவர்களில் இருந்திருப்பார்கள். அவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. பல ஆயிரம் மைல் தாண்டி வந்து அந்நிய மண்ணில் கிடக்கிறவர்கள்.

ஆனால் அதே காலத்தில் அதே துறையிலிருந்து போனவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் எங்கே? வெடிமருந்தும் துணியும் மட்டும் இங்கிருந்து கப்பலேறவில்லை. மனிதர்களும் ஏற்றப்பட்டார்கள். பதினேழாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில் பஞ்சமும் போரும் வந்தபோதெல்லாம், தம்மையும் தம் பிள்ளைகளையும் ஒரு வேளைக் கஞ்சிக்கு விற்றுக்கொண்டவர்களைத் தரகர்கள் பிடித்துக் கொடுக்க, கம்பெனி விலைக்கு வாங்கிப் படேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு அனுப்பியது. அந்த அடிமை வாணிபத்தில் பழவேற்காடு முக்கியமான துறை. ஆயிரக்கணக்கில் போனார்கள். அவர்களுக்குக் கல் இல்லை, எழுத்து இல்லை.

படத்தில் ஒரு செய்தி உண்டு. காட்டேரிக்குச் சொந்த ஊர் மண் இல்லாமல் உறக்கம் வராது. ஆகவே மண் நிரப்பிய சவப்பெட்டிகளையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வருகிறது. விடுதியில் அதைப் பார்த்தபோது நாங்கள் சிரித்தோம். கல்லறை வாயிலில் நின்றபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. காட்டேரிக்குக்கூட ஊர் மண் கிடைத்தது. பழவேற்காட்டுத் துறையில் ஏற்றப்பட்ட தாய்க்கு ஒரு பிடி மண்ணையாவது முந்தானையில் முடிந்துகொள்ள விட்டிருப்பார்களா?

என் கருத்து இதுதான், பேராசிரியர்களும் கேட்க வேண்டும். அந்தக் கல்லறைக்கு வெளியே, எலும்புக்கூடுகளின் பார்வை படும் இடத்தில், அனுப்பப்பட்டவர்களுக்காகவும் ஒரு கல் நிற்க வேண்டும். பெயர் தெரியாவிட்டால் பெயர் தெரியாதவர்கள் என்றே எழுதலாம். எழுத வேண்டிய வாசகத்தை நம் வரலாற்றுத் துறையும் தமிழ்த் துறையும் சேர்ந்து ஆக்கித் தரலாம். "சுற்றுலாவில் போய் அழுவதா?" என்று விழுப்புரத்தான் கேட்டான். அவன் கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. சிரிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லையே. எலும்புக்கூட்டோடு படம் எடுங்கள். எடுத்தபின் திரும்பி ஏரியையும் பாருங்கள் என்கிறேன்.

அதனால் திட்டத்தைத் திருத்தி எழுதிவிட்டேன். காலையில் கல்லறை, பிறகு புதர் மண்டிக் கிடக்கும் கோட்டை மேடு. கோட்டை என்று பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். அங்கிருந்து ஆதிநாராயணப் பெருமாள் கோயிலின் செம்புரைக் கற்களில் இராமாயணச் சிற்பங்கள். பள்ளிவாசலில் சூரியக் கடிகாரம். மகிமை மாதா கோயில். வழியில் முஸ்லிம் பெண்கள் பனையோலையில் முடையும் பெட்டிகள். வீட்டுக்கு ஒன்று வாங்கிப் போங்கள்.

மதியத்திற்குமேல் ஏரி. சிலிகாவுக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்கிறது. மார்கழி, தை மாதங்களில் வந்தால் பூநாரைகளைக் காணலாம். கரையோரத்தில் இருளர் பெண்கள் இடுப்பளவுச் சேற்று நீரில் கையால் தடவி இறால் பிடிப்பதைக் காணலாம். ஆழத்தில் வலை கட்டுகிறவர்களிடம் 'பாடு' என்றால் என்ன என்று கேளுங்கள். எந்த ஊரார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை கட்டுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் பழைய ஏற்பாடு அது. பொருளாதார மாணவர்களுக்கு ஒரு மணி நேரப் பாடம் அங்கேயே கிடைக்கும். கடலிலிருந்து இறால் குஞ்சு உள்ளே வரும் முகத்துவாரத்தை மணல் அடைத்துவிட்டால் எந்த முறையாலும் பயனில்லை. அதையும் சொல்வார்கள். காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விரிவாக்கினால் கரை இன்னும் அரித்துப்போகும் என்ற அச்சத்தையும் சொல்வார்கள். எங்கள் குப்பங்களில் ராத்தூக்கம் கெடுப்பது இந்த அச்சம்தான்.

ஒன்றில் மட்டும் விளையாட்டு வேண்டாம். 2011 டிசம்பர் 25 அன்று, கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தவர்களை ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டார்கள். மிதவை அங்கி இல்லை. படகில் அளவுக்கு மீறி ஆட்கள். எனக்கு அப்போது ஆறு வயது. கரையில் பெரியவர்கள் ஓடியதும், ஆயா என் கண்ணைப் பொத்தியதும் நினைவிருக்கின்றன. அதன்பின் நெடுநாள் எங்கள் தெருவில் எந்தப் பிள்ளையையும் அந்திக்குப் பிறகு கரைக்கு விடவில்லை. பேய்க்கதை சொல்லி அல்ல, நடந்ததைச் சொல்லியே தடுத்தார்கள். ஆகவே படகு சவாரி நம் திட்டத்தில் இல்லை. "காசு கொடுத்தால் கூட்டிப்போகிறேன்" என்று யாரேனும் சொன்னாலும் ஏறாதீர்கள்.

மாலை பாலத்தைத் தாண்டி லைட்ஹவுஸ் குப்பம். அங்கே கடற்கரையில் உட்கார்ந்து பேய்க்கதை பேசலாம், அதற்குத் தடையில்லை. நம்பியாருக்கும் நோஸ்ஃபெராட்டுவுக்கும் எவர் பெரியவர் என்ற விவாதத்தை அங்கே வைத்துக்கொள்வோம்.

கடைசிப் பேருந்தைத் தவறவிட்டால் கவலை வேண்டாம், எங்கள் வீட்டுத் திண்ணை இருக்கிறது. எத்தனை பேர் வருகிறீர்கள் என்பதை மட்டும் இரண்டு நாள் முன்னதாகச் சொல்லிவிடுங்கள். ஆயா இறால் வாங்கி வைக்க வேண்டும்.