விளக்கு சபைக்கு, வியாபாரி பொலிஸுக்கு, பிள்ளைகள் யாருக்கு?

உள்ளூராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. 2025 மே 6 தேர்தல் வரை, தெருவிளக்கு எரியவில்லை என்று முறையிடக்கூட பெரும்பாலான ஊர்களில் உறுப்பினர் இருக்கவில்லை. இப்போது சபைகள் வந்துவிட்டன. சாக்குச் சொல்ல இடமில்லை.

இருண்ட ஒழுங்கைக்கு விளக்குப் போடுவது பிரதேச சபையின் வேலை. அங்கே ஐஸ் விற்பவனைப் பிடிப்பது பொலிஸாரின் வேலை. வாங்க நிற்பது யாருடைய பிள்ளை என்பது ஊருக்குத்தான் தெரியும். மூவரும் தனித்தனியே ஓடினால் வியாபாரிக்கே வசதி.

சேர்ந்து இயங்கச் சட்டத்திலேயே இடமுண்டு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க பிரதேச சபைகள் சட்டம், உறுப்பினர் அல்லாத ஊர்வாசிகளையும் சபைக் குழுக்களில் சேர்க்க அனுமதிக்கிறது. பொலிஸ் தரப்பில் சிவில் பாதுகாப்புக் குழுக்கள் உள்ளன. இரு தரப்பையும் மாதம் ஒருமுறை ஒரே மேசைக்கு அழைக்க பள்ளிவாசல் நிர்வாகங்களால் முடியும்.

ஆனால் தகவல் தருபவரின் பெயர் வெளியே கசியக்கூடாது. கசிந்தால் அடுத்தவர் வாய் திறக்கமாட்டார். பெண்களும், அயலிலுள்ள தமிழ், சிங்களக் குடும்பங்களும் அந்த மேசையில் இருக்க வேண்டும். போதைக்கு மஹல்லா எல்லை கிடையாது.

ஜும்ஆவில் இதைப் பேசுவது அவசியம். திங்கட்கிழமை காலை, எரியாத விளக்குகளின் மின்கம்ப இலக்கங்களோடு சபைக்குப் போவதும் அவசியம்.