பாட்டனார் விதியும் வாக்குரிமையும்

இனத்தையோ நிறத்தையோ காரணம் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்று அமெரிக்க அரசியலமைப்பின் 15ஆவது திருத்தம் 1870இல் விதித்த பின்னும், தென் மாநிலங்கள் அதை மீறக் கண்ட வழிகளில் மிகக் கொடியது ‘பாட்டனார் விதி’யாகும். 1867 ஜனவரி 1 அன்றோ அதற்கு முன்போ வாக்குரிமை பெற்றிருந்தவரின் மகனும் பேரனும் எழுத்தறிவு, சொத்துத் தகுதிகளைக் காட்டாமலேயே வாக்காளராகலாம் என லூசியானா 1898இல் வகுத்தது. 1867இன் அந்நாளில் அங்கே கறுப்பின மக்களுக்கு வாக்குரிமையே இல்லை. இத்தகைய தடைகளால் 1896இல் 1,30,334ஆக இருந்த கறுப்பின வாக்காளர் பதிவு 1900இல் 5,320ஆகச் சுருங்கியது.

ஒக்லஹோமாவின் இதுபோன்ற விதியை உச்ச நீதிமன்றம் 1915இல் செல்லாததாக்கியதும், 1914இல் வாக்களித்தோர் தாமாகவே வாக்காளராக நீடிப்பர், விடுபட்டோர் 12 நாள்களுக்குள் பதியாவிட்டால் பெரும்பாலும் நிரந்தரமாக உரிமை இழப்பர் என அம்மாநிலம் மறு ஆண்டே புதுச் சட்டம் கொண்டுவந்தது. அது வீழ 1939 வரை காத்திருக்க நேர்ந்தது, எத்தனையோ பேரின் வாழ்நாள் அதற்குள் கழிந்துவிட்டது. இந்தப் பட்டறிவே, சில மாநிலங்கள் தேர்தல் விதிகளை மாற்றுமுன் மத்திய அரசின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்ற முன்னனுமதி முறையை 1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டத்தில் சேர்க்கச் செய்தது. எந்தெந்த மாநிலங்களுக்கு அது பொருந்தும் என்ற வரையறையை உச்ச நீதிமன்றம் 2013இல் நீக்கியதால் அக்காப்பு செயலற்றுக் கிடக்கிறது. புதிய வரையறையை இயற்றுவது அமெரிக்க காங்கிரஸின் கடமை.