காயும் வரை உட்காருங்கள்



ஃபேன்சி ஸ்டோரில் மகளுக்கு நெயில் பாலிஷ் வாங்குகிறோம். கடைக்காரர், "உங்களுக்கும் ஒண்ணு எடுத்துக்குங்க அக்கா" என்கிறார். நம்மில் பலர் என்ன சொல்கிறோம்? "பாத்திரம் தேய்க்கிற கைக்கு எதுக்குங்க இதெல்லாம்?" நீங்களும் ஒருமுறையாவது சொல்லியிருப்பீர்கள். இந்தப் பதிலைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

நகத்துக்கு நிறம் என்பது நம் வீடுகளுக்குப் புதிதா என்ன? ஆடி பிறந்தால் மருதாணி. இலையைப் பறித்து, கொட்டைப்பாக்கும் கொஞ்சம் புளியும் சேர்த்து அம்மியில் அரைத்து, விரல் நுனிக்கெல்லாம் தொப்பி, உள்ளங்கையில் பெரிதாக ஒரு வட்டம். அன்று இரவு பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து வாயைத் திறக்க, அம்மா சாதத்தை உருட்டி ஊட்டிவிடுவார். எல்லோருக்கும் வைத்து, எல்லோருக்கும் ஊட்டி, அடுப்படியையும் கழுவி முடித்த பிறகு மிச்சமிருக்கும் விழுதை எடுத்துத் தன் இடது கையில் மட்டும் வைத்துக்கொள்வார். வலது கைக்கு யார் வைப்பது? விடிந்தால் வாசல் தெளிக்க வேண்டுமே!

இன்று அம்மியும் இல்லை, பல வீடுகளில் மருதாணி மரமும் இல்லை. அந்த வலது கை மட்டும் அப்படியே இருக்கிறது.

நெயில் பாலிஷ் காய்வதை யோசித்துப் பாருங்கள். பாட்டிலுக்குள் இருப்பது நைட்ரோசெல்லுலோஸ் என்ற பொருளை எத்தில் அசிட்டேட், பியூட்டில் அசிட்டேட் போன்ற கரைப்பான்களில் கரைத்து நிறம் சேர்த்த திரவம். பூசியதும் கரைப்பான் காற்றில் போய்விடும், மெல்லிய படலம் நகத்தில் தங்கிவிடும். சில நிமிடங்களில் தொட்டால் ஒட்டாது. ஆனால் உள்ளே முழுதாக இறுக மணிக்கணக்காகும். அதற்குள் கரண்டியைப் பிடித்தால் கோடு விழும், துணியைப் பிழிந்தால் வழித்துக்கொண்டு வந்துவிடும்.

அதாவது, குறைந்தது கால் மணி நேரம் நீங்கள் எந்த வேலையும் செய்யக் கூடாது.

இதைக் குறை என்கிறீர்களா? எனக்கு இதுதான் இதில் பிடித்த விஷயம். வேலை எதுவும் இல்லாமல் அம்மா சும்மா உட்கார்ந்தால் "உடம்பு சரியில்லையா?" என்று கேட்கிற வீடுகள் நம்முடையவை. நகம் காய்கிறது என்றால் அந்தக் கேள்வி வராது. கதவைத் தட்டினால் வேறு யாராவது போய்த் திறப்பார்கள். காபியும் அவர்களே போடுவார்கள். இதற்குப் போய்க் காசு செலவழிப்பதா என்று தோன்றுகிறதா? 1932இல், அமெரிக்காவில் பொருளாதாரம் படுத்துக்கிடந்த நேரத்தில், ரெவ்சன் சகோதரர்களும் சார்லஸ் லாக்மன் என்ற வேதியியலாளரும் சேர்ந்து ரெவ்லான் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அப்போது அவர்கள் விற்றது நெயில் பாலிஷ் மட்டுமே. கையில் காசு குறைவாக இருக்கும் காலத்திலும் சின்னதாக ஒரு சந்தோஷத்துக்கு மனிதர்களுக்கு ஆசை இருக்கிறது. அது தப்பே இல்லை.

சரி, எப்போது பூசுவது? மதியச் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவிய பிறகு, மாலை வேலை தொடங்குவதற்கு முன். ஆனால் கழுவிய கையோடு உட்கார்ந்துவிடாதீர்கள். தண்ணீரில் ஊறிய நகம் சற்று உப்பியிருக்கும். அது காய்ந்து பழைய நிலைக்குச் சுருங்கும்போது மேலே உள்ள பூச்சு விரிசல் விடும். அரை மணி நேரமாவது போகட்டும். இன்னொன்று, தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்த விரலில் எந்த பாலிஷும் நிற்காது. பஞ்சில் ரிமூவரைத் தொட்டு நகத்தை ஒருமுறை துடைத்துவிட்டால் எண்ணெய்ப் பிசுக்கு போய்விடும்.

பாட்டிலைக் குலுக்காதீர்கள், காற்றுக் குமிழி வரும். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டினால் போதும். முதலில் நிறமில்லாத பேஸ் கோட். அடர் நிறங்கள் நகத்தில் மஞ்சள் கறை விடாமல் இருக்க இது வேண்டும். பிறகு நடுவில் ஒரு இழுப்பு, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. தடிமனாக ஒரு தடவை பூசுவதைவிட மெல்லிசாக இரண்டு தடவை பூசுவது நல்லது. நகத்தின் வெளி ஓரத்திலும் பிரஷ்ஷை ஒரு தடவை ஓட்டிவிடுங்கள். பாத்திரம் தேய்க்கும்போது பூச்சு முதலில் உரிவது அங்கேதான். கடைசியாக டாப் கோட்.

வலது கைக்கு மகளைக் கூப்பிடுங்கள். மகனையும் கூப்பிடலாம், பெயின்ட் அடிக்கிற வேலை என்றால் சின்னப் பையன்கள் ஓடி வருவார்கள். சருமத்தில் கொஞ்சம் அப்பினால் அப்பட்டும், ரிமூவரில் நனைத்த பட்ஸ் இருக்கிறது.

நிறத்துக்கு வருவோம். "மாநிறக் கைக்கு இதெல்லாம் எடுப்பா இருக்காது" என்று யாரோ என்றைக்கோ சொன்னதை நம்பி, எத்தனை பேர் வெளிர் ரோஸைத் தாண்டாமலே இருக்கிறோம்! நம் தோலில் மெரூன் எவ்வளவு கம்பீரமாக இருக்கும் தெரியுமா? ஒயின் நிறம், செங்கல் சிவப்பு, செம்பு, மயில் நீலம், கடுகு மஞ்சள், எல்லாமே துலங்கும். சந்தேகமாக இருந்தால் நகத்தின் மேல் செலோ டேப் ஒரு துண்டு ஒட்டி, கடையில் உள்ள டெஸ்டரை அதில் தடவி, வாசலுக்கு வந்து வெயிலில் பாருங்கள். டியூப் லைட்டில் தெரிகிற நிறம் வேறு, பகலில் தெரிகிற நிறம் வேறு.

வெளிர் நிறத்தில் நமக்கென்றே ஒரு சிக்கலும் உண்டு. சாம்பார் சாதத்தைக் கையால் பிசைந்து சாப்பிடுகிறவர்கள் நாம். வெள்ளையும் வெளிர் ரோஸும் வலது கையில் ஓரிரு நாளில் மஞ்சள் பூத்துவிடும். அடர் நிறங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

நெயில் ஆர்ட் என்றதும் பயப்பட வேண்டாம். எல்லா விரலுக்கும் வேண்டியதில்லை, மோதிர விரல் மட்டும் போதும். ஹேர்பின்னின் உருண்டை முனையை வேறொரு நிறத்தில் தொட்டு நகத்தில் ஒற்றுங்கள், அழகான புள்ளி. சுற்றி ஐந்து புள்ளி, நடுவில் ஒன்று வைத்தால் பூ. புள்ளி ஈரமாக இருக்கும்போதே பல் குத்தும் குச்சியால் மையத்தை நோக்கி மெல்ல இழுத்தால் ஒவ்வொன்றும் இதழாகிவிடும். ஊசி நுனியில் இன்னும் சின்னப் புள்ளி வரும். மார்கழியில் புள்ளி பிசகாமல் கோலம் போடுகிற உங்களுக்கு இதையா சொல்லித்தர வேண்டும்? கோடு வேண்டுமென்றால், முதல் பூச்சு நன்றாகக் காய்ந்த பின் செலோ டேப் ஒட்டி, மீதி இடத்தில் பூசி, உடனே எடுத்துவிடுங்கள்.

மகளுக்குப் பள்ளியில் அனுமதி இல்லையே என்றால், வெள்ளிக்கிழமை மாலை பூசி ஞாயிறு இரவு எடுத்துவிடலாம். நர்ஸாக இருப்பவர்கள், ஹோட்டல் கிச்சனில் வேலை செய்கிறவர்கள் கையில் பூச முடியாது. கால் விரல்கள் இருக்கின்றன. மெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு, பார்க்கவே நிறைவாக இருக்கும். கால் நகம் மெதுவாக வளர்வதால் நிறமும் அதிக நாள் நிற்கும்.

இனி நான் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியவை. ரிமூவரும் பாலிஷும் சட்டென்று தீப்பிடிப்பவை. அடுப்புக்குப் பக்கத்திலோ சாமி விளக்குக்குப் பக்கத்திலோ பாட்டிலைத் திறக்கவே வேண்டாம். ஜன்னல் திறந்திருக்கட்டும். ரிமூவர் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். விரல் சப்புகிற வயதுக் குழந்தைக்கு எந்த பாலிஷும் வேண்டாம். வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். ஃபார்மால்டிஹைடு, டொலுவீன், டைபியூட்டில் தாலேட் என்ற மூன்றும் இல்லாதது நல்லது.

ஆன்லைனில் விற்கும் ஜெல் பாலிஷ் கிட்டுகளை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம் என்றே சொல்வேன். அதிலுள்ள மெத்தாக்ரிலேட் ரசாயனங்கள் தோலில் பட்டால் ஒவ்வாமை வரலாம் என்று பிரிட்டன் தோல் மருத்துவர்கள் சங்கம் 2018இலேயே எச்சரித்தது. ஜெல் பாலிஷில் சேர்க்கப்பட்டு வந்த டிபிஓ என்ற பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் முதல் தடை செய்துவிட்டது. சாதாரண பாலிஷே நமக்குப் போதும்.

ஒரு நிறத்தை எடுத்த கையோடு அடுத்ததைப் பூசிவிடாதீர்கள். இரண்டு மூன்று நாள் நகம் வெறுமனே இருக்கட்டும், அப்போது பகல் வெளிச்சத்தில் அதை உற்றுப் பாருங்கள். வெளிறி இருக்கிறதா? நடுவில் குழிந்து கரண்டி போல ஆகியிருக்கிறதா? ரத்தசோகையில் நகம் இப்படி ஆவதுண்டு. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. சந்தேகம் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் அளவைப் பார்த்துவிடுங்கள். அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்கள் பாலிஷை முழுதாக எடுத்துவிட்டே போக வேண்டும். நகத்தின் நிறத்தை டாக்டர் பார்ப்பார். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியின் அளவையும் பாலிஷ் குழப்பிவிடலாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை செய்து பாருங்கள். எந்த நிறம் எடுத்தீர்கள், வலது கைக்கு யார் பூசிவிட்டார்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள். போட்டோவும் அனுப்புங்கள். நகம் நீளமாக இருக்க வேண்டும் என்பதில்லை, கை மென்மையாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. நம் வாசகியரின் கைகளில் நன்றாக இருந்த நிறங்களுக்கென்று வரும் இதழ்களில் ஒரு பக்கம் ஒதுக்குகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்