டீசலில் தண்ணீர், பழி டிரைவர் தலையில்!

வண்டி பாதி வழியில் நின்றுவிடுகிறது. மெக்கானிக் வந்து பார்க்கிறார். “டீசலில் தண்ணீர் இறங்கியிருக்கிறது, பம்ப் போச்சு, நாசில் போச்சு” என்கிறார். பில் முதலாளியிடம் போகிறது. அங்கிருந்து அது நேராக டிரைவரின் சம்பளக் கணக்கில் வந்து விழுகிறது. மேலூரிலும் வாடிப்பட்டியிலும் உசிலம்பட்டியிலும் திருமங்கலத்திலும் இந்தக் கதையைக் கேட்காத டிராக்டர் டிரைவர் உண்டா? மில்லுக்குப் பஞ்சு ஏற்றும் லாரி, ஷிப்டுக்கு ஆள் ஏற்றி வரும் வேன், நெல் அறுக்கும் மெஷின், மார்க்கெட்டுக்குக் காய்கறி சுமக்கும் குட்டியானை, எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

நாம் கேட்கிறோம்: தண்ணீரைக் கலந்தது டிரைவரா? டீசலை விற்றது டிரைவரா? தண்ணீரைப் பிரித்து நிறுத்த வேண்டிய பில்டரைக் கடையில் பேரம் பேசி வாங்கியது டிரைவரா? மூன்றுக்கும் பதில் “இல்லை” என்றால், தண்டம் மட்டும் அவன் தலையில் ஏன்?

மந்திரி வண்டிக்கு ஒரு நியாயமா?

2025 ஜூன் மாதக் கடைசியில் மத்தியப் பிரதேசத்தில் நடந்ததைப் பாருங்கள். ரத்லாமுக்கு வரவிருந்த முதலமைச்சர் மோகன் யாதவின் பயணத்துக்காகக் கொண்டுவரப்பட்ட 19 வண்டிகள் அங்கே ஒரு பங்கில் டீசல் போட்டுக்கொண்டு கிளம்பின. கொஞ்ச தூரத்திலேயே ஒன்றன்பின் ஒன்றாக நின்றுவிட்டன. டாங்கைத் திறந்து பார்த்தால் டீசலோடு தண்ணீர்! இரவோடிரவாக அதிகாரிகள் ஓடி வந்தார்கள். பங்குக்குச் சீல் வைக்கப்பட்டது. இந்தூரிலிருந்து வேறு வண்டிகள் வந்தன. மழைநீர் பங்கின் நிலத்தடி டாங்கில் இறங்கியிருக்கலாம் என்று காரணம் சொல்லப்பட்டது.

அந்த 19 டிரைவர்களில் ஒருவனையாவது “உன் கவனக்குறைவு” என்று எவனாவது சொன்னானா? சொல்லவில்லை. சொல்லாதது நியாயமே. ஆனால் அதே நியாயம் சோழவந்தான் வயலில் நிற்கும் அறுவடை மெஷின் டிரைவருக்கு ஏன் கிடைப்பதில்லை? மந்திரி வண்டி நின்றால் பங்கு குற்றவாளி. உழைப்பாளி ஓட்டும் வண்டி நின்றால் உழைப்பாளியே குற்றவாளி. இந்த இரட்டைத் தராசை உடைக்க வேண்டுமென்றால், முதலில் விஷயத்தை நாமே தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாதவனைத்தான் ஏமாற்ற முடியும்.

தண்ணீர் வரும் வழி

டீசலில் துளித் தண்ணீர்கூட இருக்காது என்று எவரும் உத்தரவாதம் கொடுப்பதில்லை. நமது தேசத்தின் தர நிர்ணயமே ஒரு கிலோ டீசலில் 200 மில்லிகிராம் வரை தண்ணீரை அனுமதிக்கிறது. 200 லிட்டர் பீப்பாய்க்குக் கணக்குப் போட்டால் சுமார் 33 கிராம். இது சட்டம் அனுமதிக்கும் தண்ணீர். சட்டம் அனுமதிக்காமல் வருவது வேறு. ஐப்பசி கார்த்திகை மழையில் பங்கு டாங்கின் மூடி வழியே இறங்குவது ஒன்று. வரப்பில் வெட்டவெளியில் நிறுத்திய பீப்பாயின் மேல் மழைநீர் தேங்கி, மூடியின் மரை வழியே உள்ளே கசிவது இன்னொன்று. பகல் வெயிலில் காய்ந்து இரவில் குளிரும் பாதி காலியான டாங்கில், உள்ளே இருக்கும் காற்றின் ஈரம் வியர்த்துச் சொட்டுவது மூன்றாவது.

டீசல் ஒரு லிட்டர் சுமார் 830 கிராம் எடை. தண்ணீர் ஒரு கிலோ. ஆகவே தண்ணீர் அடியில் படிகிறது. டீசலும் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில் பூஞ்சை வளர்கிறது. கறுப்பாகச் சளிபோலத் திரண்டு பில்டரை அடைக்கிறது. 2020 ஏப்ரல் 1 முதல் தேசம் பூராவும் விற்கப்படும் பி.எஸ். 6 டீசலில் கந்தகம் குறைவு; காற்றுக்கு நல்லது. 2030-க்குள் டீசலில் 5 சதவிகிதம் தாவர எண்ணெய் டீசல் கலக்க வேண்டுமென்பது 2018-ல் சர்க்கார் வகுத்த கொள்கை. அந்தக் கலப்பு டீசல் ஈரத்தை அதிகம் இழுக்கும்; தண்ணீரைப் பொடித் துளிகளாக்கித் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும்; பிரிப்பது கடினமாகும். ஆக, பில்டரின் வேலை கூடிக்கொண்டே போகிறது. முதலாளி அதற்கு ஒதுக்கும் பணமோ குறைந்துகொண்டே போகிறது!

இருபதாம் நம்பரும் நூறாம் நம்பரும்

பஞ்சாலைத் தொழிலாளிக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. புளோ ரூமில் பஞ்சை உதறித் தூசி நீக்காமல் கார்டிங்குக்கு அனுப்பினால் என்ன ஆகும்? 20-ம் நம்பர் நூல் என்றால் கொஞ்சம் குப்பை இருந்தாலும் சமாளிக்கலாம். 100-ம் நம்பர் என்றால் கோம்பிங் செய்தே தீர வேண்டும். இல்லாவிட்டால் இழை அறுந்துகொண்டே இருக்கும்.

பழைய லாரி என்ஜின் 20-ம் நம்பர். அதற்குத் துணி பில்டர் ஒன்று, காகித பில்டர் ஒன்று போதுமாக இருந்தது. இன்றைய காமன் ரெயில் என்ஜின் 100-ம் நம்பர். லாரி டயரில் இருக்கும் காற்றின் அழுத்தம் ஏழெட்டு பார். காமன் ரெயிலில் டீசலின் அழுத்தம் 1,600 பாருக்கும் மேல் போகிறது. உள்ளே உரசி ஓடும் பாகங்களுக்கு இடையே உள்ள சந்து ஒரு சில மைக்ரான்தான். நமது தலைமுடியின் பருமனே சுமார் 70 மைக்ரான் என்றால் சந்து எத்தனை சிறியது என்று பாருங்கள். பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் வழுவழுப்புத் தருவது டீசலே. அந்த இடத்தில் தண்ணீர் வந்தால் வழுவழுப்புப் போகிறது, உரசல் வருகிறது, துரு ஏறுகிறது, இன்ஜெக்டர் முனையின் சூட்டில் துளி நீராவியாகி வெடித்து முனையையே அரிக்கிறது. அப்புறம் செலவு ஆயிரக்கணக்கில்!

பார்த்து வாங்க வேண்டியது என்ன?

தண்ணீர் பிரிக்கும் பில்டர் என்று டப்பாவில் அச்சடித்திருந்தால் மட்டும் போதாது. ஐந்து விஷயம் பார்க்க வேண்டும்.

முதலாவது, இடம். கண்மாயில் தண்ணீர் நின்றால் வண்டல் படியும். மடையில் பாய்ந்தால் கலங்கும். டாங்குக்கும் டீசல் இழுக்கும் பம்புக்கும் நடுவே தண்ணீர் பெரிய துளிகளாக இருக்கிறது; நிதானமாக ஓடவிட்டால் கிண்ணத்தில் படிந்துவிடும். பம்பைத் தாண்டிவிட்டால் கடைந்த மோர்போல ஆகிவிடுகிறது. எனவே முதல் பிரிப்பான் பம்புக்கு முன்னால் இருப்பது நல்லது. அதற்கு 10 முதல் 30 மைக்ரான் வரை போதும். அதற்கு மேல் நெருக்கமாகப் போட்டால் பம்ப் இழுக்கத் திணறும். 2 முதல் 5 மைக்ரான் வரையிலான நயமான பில்டர் பம்புக்குப் பின்னால் வரவேண்டும். பின்னால் வரும் பில்டரும் தண்ணீர் பிரிக்க வேண்டுமானால், பொடித் துளிகளை ஒன்று சேர்த்துப் பெரிதாக்கும் இழை அதில் இருக்க வேண்டும். வெறும் தண்ணீர் ஒட்டாக் காகிதம் அங்கே போதாது.

இரண்டாவது, அளவு. என்ஜின் எரிக்கும் டீசலை மட்டும் கணக்கிட்டு வாங்குகிறவன் ஏமாறுவான். பம்ப் எரிவதைவிட அதிகமாக இழுத்து, மிச்சத்தை டாங்குக்கே திருப்புகிறது. அந்த மொத்த ஓட்டமும் பில்டர் வழியாகத்தான் போகிறது. மணிக்கு எத்தனை லிட்டர் தாங்கும் என்பது அந்த மொத்தத்துக்கு மேல் இருக்க வேண்டும். பில்டர் பெரிதானால் ஓட்டம் நிதானப்படும். தண்ணீர் நன்றாகப் பிரியும்.

மூன்றாவது, மைக்ரான் கணக்கில் உள்ள சூது. “5 மைக்ரான்” என்று இரண்டு டப்பாவிலும் போட்டிருக்கும். ஒன்றில் அந்த அளவுத் தூசி இரண்டு வந்தால் ஒன்று தப்பி ஓடும், பாதிக்குப் பாதி. மற்றதில் எழுபத்தைந்து வந்தால் ஒன்றுதான் தப்பும். அதாவது நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டரைக்கு மேல் நிற்கும். இதைப் பீட்டா 2 என்றும் பீட்டா 75 என்றும் சொல்கிறார்கள். வெறும் மைக்ரானைச் சொல்லி இந்தக் கணக்கைச் சொல்லாத பில்டர், எடை போடாமல் அளக்கும் நெல்லுக்குச் சமம்.

நான்காவது, தண்ணீருக்குத் தனிச் சோதனை. தூசி பிடிக்கும் திறமைக்கு ஐ.எஸ்.ஓ. 19438 என்ற சர்வதேசச் சோதனை உண்டு. தண்ணீர் பிரிக்கும் திறமைக்கு ஐ.எஸ்.ஓ. 16332 உண்டு. எந்தச் சோதனையில் எத்தனை சதவிகிதம் என்று கடைக்காரனைக் கேள்; பதில் இல்லையென்றால் அடுத்த கடைக்குப் போ.

ஐந்தாவது, கண்ணுக்குத் தெரியும் கிண்ணம், கையால் திருகித் திறக்கும் அடித் திருகு, தண்ணீர் நிறைந்தால் எரியும் விளக்கு, காற்று நீக்கும் கைப் பம்ப். இவை இல்லாவிட்டால், பிரிந்த தண்ணீர் நிறைந்து மறுபடியும் டீசலோடு உள்ளே போகும்.

மலிவு என்பது யாருக்கு?

“நூறு ரூபாய் குறைவாகக் கிடைத்தது” என்று முதலாளி மார்தட்டுகிறார். போலிச் சரக்கு கடைத்தெருவில் குவிந்து கிடக்கிறது. பழைய டப்பாவுக்குப் பெயிண்ட் அடித்து, உள்ளே சாதாரணக் காகிதத்தைத் திணித்து, பெரிய கம்பெனிப் பெயரை ஒட்டி விற்கிறார்கள். மடிப்பு கோணலாக இருக்கும். ரப்பர் வளையம் விறைத்துக் கிடக்கும். மரை சரியாக ஏறாது. பில் கேட்டால் கொடுக்க மாட்டான். ஒரு பம்ப் பழுதானால் அந்த நூறு ரூபாய்ச் சேமிப்பு பல வருஷத்துக்கும் சேர்த்துக் கரைந்துவிடும். ஆனால் முதலாளிக்கு அந்தப் பயம் கிடையாது. ஏன்? சேமிப்பு அவருக்கு, நஷ்டம் டிரைவருக்கு என்று அவர் முன்கூட்டியே முடிவு கட்டிவிட்டார். மலிவு பில்டரின் பாக்கி விலையைத் தொழிலாளியின் சம்பளத்தில் வசூலிக்கும் வித்தை இது.

எரிபொருளைச் சுத்தம் செய்யாமல் என்ஜினுக்குக் கொடுக்கக் கூடாது என்பது மதுரை மோட்டார் முதலாளிகளுக்குத் தெரியாத விஷயமா? இரண்டாம் உலக யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காதபோது, டி.வி.எஸ். கம்பெனியே கரிவாயு உலைகளைச் செய்து விற்றது. அடுப்புக்கரியை எரித்து வரும் வாயுவைச் சாம்பலும் ஈரமும் நீக்கி வடிகட்டித்தான் என்ஜினுக்குள் விட வேண்டும். இல்லாவிட்டால் சிலிண்டர் தேய்ந்துவிடும். மாட்டு லாடத்து ஆணிகள் பஸ் டயரைக் குத்தாமலிருக்க, ரோட்டில் காந்தம் கட்டிய வண்டியை அந்தக் கம்பெனி விட்டதாக மதுரையில் இன்றும் சொல்லக் கேட்கலாம். டயர் பஞ்சரானால் நஷ்டம் கம்பெனிக்கு. ஆகவே காந்தம் ஓடியது. இன்று டீசலில் தண்ணீர் வந்தால் நஷ்டம் டிரைவருக்கு. ஆகவே நல்ல பில்டர் வருவதில்லை. நஷ்டம் யாருக்கு என்பதைப் பொறுத்தே புத்தி வேலை செய்கிறது!

சட்டம் என்ன சொல்கிறது?

வெள்ளைக்காரன் காலத்தில் வந்த 1936-ம் வருஷத்துச் சம்பளப் பட்டுவாடாச் சட்டமே, நஷ்டத்துக்காகச் சம்பளத்தில் பிடிப்பதற்குக் கடிவாளம் போட்டது. தொழிலாளியின் பொறுப்பில் வெளிப்படையாக ஒப்படைத்த பொருளாக இருக்க வேண்டும். அவனுடைய கவனக்குறைவே நஷ்டத்துக்கு நேரடிக் காரணமாக இருக்க வேண்டும். பிடித்தம் நஷ்டத்தின் தொகையைத் தாண்டக் கூடாது. பிடிக்கும் முன் அவன் தரப்பைச் சொல்லச் சந்தர்ப்பம் தரவேண்டும். 2019-ல் நிறைவேறி 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்த ஊதியத் தொகுப்புச் சட்டத்திலும் இந்த விதி இருக்கிறது. அந்தத் தொகுப்புகளைப் பற்றித் தொழிலாளிக்கு ஆயிரம் குறை உண்டு. என்றாலும் இந்த விதியை விட்டுக்கொடுக்கக் கூடாது.

டிரைவருக்குக் கடமையே இல்லையா? உண்டு. விளக்கு எரிந்த பிறகும் ஓட்டினால் அது அவன் தவறு. என்ஜினை நிறுத்தி, அடித் திருகைத் தளர்த்தி, தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து, சுத்த டீசல் வரும்வரை விட்டு மூடுவது அவன் வேலை. அந்தத் தண்ணீரை வாய்க்காலில் ஊற்றக் கூடாது. வேலை முடிந்ததும் மாலையிலேயே டாங்கை நிரப்பச் சொல்வதும், பீப்பாயைக் கூரைக்குள் சாய்த்து வைப்பதும், புது நயபில்டரில் வடிகட்டாத டீசலை ஊற்றி மாட்டாமலிருப்பதும் அவன் கற்க வேண்டியவை. பிடித்த தண்ணீரின் அளவையும் தேதியையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நாளை பழி வரும்போது அந்த நோட்டுத்தான் உங்கள் சாட்சி!

நமது கோரிக்கை

வண்டிக்கு ஏற்ற, சோதித்த பில்டரைப் பில்லோடு முதலாளி வாங்கித் தர வேண்டும். மாற்ற வேண்டிய கெடுவில் மாற்ற வேண்டும். கழற்றிய பழையதைப் போலிக்காரன் கைக்குப் போகாமல் நசுக்கிவிட வேண்டும். டீசல் போட்ட பங்கின் ரசீது வண்டியிலேயே இருக்க வேண்டும். மழைக்காலத்தில் பங்குகளின் நிலத்தடி டாங்குகளை அதிகாரிகள் சோதிக்க வேண்டும். மந்திரி வரும் நாளில் மட்டும் சோதித்தால் போதாது. விசாரணை இல்லாமல் டிரைவர் சம்பளத்தில் ஒரு காசு பிடிக்கக் கூடாது.

தோழர்களே, தண்ணீர் கனமானது. தானாகவே அடியில் படியும். பழியையும் அப்படியே அடியில் இருப்பவன் மேல் படியவிடுகிறார்கள். தண்ணீரைப் பிரித்தெடுக்க பில்டர் இருக்கிறது. பழியைப் பிரித்து உரியவனிடம் சேர்க்கத் தொழிலாளிகளின் ஒற்றுமைதான் இருக்கிறது. அடுத்த முறை ஷெட்டில் “உன் சம்பளத்தில் பிடிக்கிறேன்” என்று குரல் எழுந்தால், ஒருவன் மட்டும் பதில் சொல்ல வேண்டாம். எல்லாரும் சேர்ந்து கேளுங்கள்: “எந்த பில்டர் வாங்கினீர்கள்? பில்லைக் காட்டுங்கள்!”