கத்திரிக்காய் மீது பழி எதற்கு?

கையில் கரப்பான் வந்துவிட்டால் பல வீடுகளில் முதல் தடை கத்திரிக்காய்க்குத்தான். பிறகு கருவாடு, மீன், முட்டை என்று பத்தியம் நீளும். அரிப்பு மட்டும் நிற்காது. பெரியவர்களின் கையில் வரும் எக்ஸிமாவுக்கு, வாய்க்குள் போவதைவிடத் தோலில் படுவதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ஓட்டல் சமையலறையில் பூண்டு உரிப்பவரின் விரல்களே சாட்சி. இடது கையின் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் நுனிகள் மட்டும் தடித்து, காய்ந்து, வெடித்திருக்கும். வலது கையில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. அது கத்தி பிடிக்கும் கை. பூண்டிலுள்ள டைஅல்லைல் டைசல்ஃபைடு என்ற கந்தகப் பொருள் ஒத்துக்கொள்ளாததன் அடையாளம் இது. பல வகைக் கையுறைகளையும் அது ஊடுருவிவிடும். எனவே, உறை மாட்டியும் குறையவில்லை என்பதற்காகப் பூண்டைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிட முடியாது.

பார்த்தீனியம் இன்னும் ஏமாற்றும். 1950களில் புனேயில் கண்டறியப்பட்டு நாடெங்கும் பரவிய இந்தக் களையின் உலர்ந்த துகள்கள் காற்றில் வந்து முகத்திலும் கழுத்திலும் படியும். வெயில் சேரவில்லை என்று நினைத்து விவசாயி தலையில் துண்டைப் போட்டுக்கொள்வார். வெயில் அவ்வளவாக எட்டாத கண்ணிமையிலும் முழங்கை மடிப்பிலும் தடிப்பு இருந்தால், வயலோரக் களையைப் பார்க்க வேண்டும்.

கண்ணுக்குப் பிடிபடாததைக் கண்டுபிடிக்க 'பேட்ச் டெஸ்ட்' இருக்கிறது. 1895இல் தோல் மருத்துவர் யோசெஃப் யாடசோன் முன்வைத்த முறை. சந்தேகத்துக்குரிய பொருள்களை முதுகில் சிறு சிறு ஒட்டுகளாக 48 மணி நேரம் வைத்திருந்து எடுப்பார்கள். ஓரிரு நாள் கழித்து மீண்டும் பார்ப்பார்கள். ரத்தம் எடுத்துச் செய்யும் வழக்கமான அலர்ஜி சோதனை இந்த வகை ஒவ்வாமையைக் காட்டாது. அதற்குப் பணத்தைக் கொட்டிவிட்டு, நீளமான உணவுத் தடைப் பட்டியலோடு திரும்புகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

குழந்தைகளின் கதை வேறு. பலருக்குப் பிறவியிலேயே தோலின் காப்பு பலவீனம். வியர்வை, காரமான சோப்பு, கம்பளி எல்லாமே அரிப்பைக் கிளப்பும். எக்ஸிமா கடுமையாக உள்ள கைக்குழந்தைகள் சிலருக்கு முட்டையோ பாலோ உண்மையிலேயே காரணமாகலாம். அதை மருத்துவர் உறுதிசெய்யட்டும். அக்கம்பக்கத்துப் பேச்சைக் கேட்டு வளரும் பிள்ளைக்கு இரண்டையும் நிறுத்துவது அநியாயம்.

தொட்ட பொருளின் விளைவு பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள் கழித்தே தோலில் தெரியும். அதனால்தான் நேற்றைய சாப்பாடு மாட்டிக்கொள்கிறது. முந்தாநாள் பூசிய தலைச்சாயம் தப்பிக்கிறது. மருத்துவரிடம் போகும்போது சோப்பு உறை, கிரீம், சாயப் பாக்கெட் எல்லாவற்றையும் எடுத்துச் செல்ல வேண்டும். செய்யும் வேலையையும் சொல்ல வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒவ்வொன்றிலும் பேட்ச் டெஸ்ட் தடையின்றிக் கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும். பூண்டு உரித்தும் களை பறித்தும் பிழைப்பவர்களால் தனியார் மருத்துவமனைக்கு ஓட முடியாது.