செவிலியரின் குறிப்பேடு கிராம சபைக்கு வரட்டும்

கிரிமியப் போரில் காயத்தால் மாண்ட பிரிட்டிஷ் வீரர்களைவிட நோயால் மாண்டவர்களே அதிகம். 1855 மார்ச்சில் ஸ்குட்டாரி இராணுவ மருத்துவமனைக்கு வந்த சுகாதாரக் குழு, கட்டடத்தின் அடியில் அடைத்துக் கிடந்த சாக்கடைகளைக் கழுவிவிட்டது. காற்றோட்டத்துக்கு வழி செய்தது. சாவு மளமளவென்று குறைந்தது. அங்கே செவிலியர் அணியை நடத்திய ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அந்தச் சாவுக் கணக்குகளை வரைபடமாக்கி அரசின் முன் வைத்தார். தூய காற்று, தூய நீர், வடிகால், துப்புரவு, வெளிச்சம் ஆகிய ஐந்தும் இல்லாத வீட்டில் ஆரோக்கியம் தங்காது என்று 1859இல் எழுதினார். நர்சிங் மாணவிகள் இன்றும் இதைச் சுற்றுச்சூழல் கோட்பாடு என்று படிக்கிறார்கள்.

ஐ.நா. 2015இல் ஏற்ற 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளில் நல்வாழ்வு மூன்றாவது, தண்ணீரும் துப்புரவும் ஆறாவது. அரசு அலுவலகங்களில் இவை தனித்தனித் துறைகள். செவிலியருக்கோ இரண்டும் ஒரே வேலை.

தமிழ்நாட்டில் இதை அன்றாடம் பார்ப்பவர், ஊரார் 'நர்ஸம்மா' என்று அழைக்கும் கிராம சுகாதார செவிலியர். அவர் பணியிடமான துணை சுகாதார நிலையம், சமவெளியில் ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒன்று. கர்ப்பிணிகளைப் பதிவுசெய்யவும் தடுப்பூசி போடவும் வீடு வீடாகப் போகிறவருக்கு, எந்தத் தெருவில் பிள்ளைகளுக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு வருகிறது, எந்தக் குழாயில் கலங்கல் தண்ணீர் வருகிறது என்பதெல்லாம் தெரியும். அந்த அறிவு பெரும்பாலும் மேலே போகும் அறிக்கையாக முடிந்துவிடுவது பெரிய இழப்பு. ஊராட்சித் தீர்மானத்தில் அது ஏற வேண்டும்.

ஆகவே நாம் கேட்பது இது: ஒவ்வொரு கிராம சபையிலும் செவிலியர் பேச நேரம் ஒதுக்குங்கள். நோயாளி பெயர் எதுவும் வேண்டாம், தெருவும் காரணமும் போதும். அவர் சொல்வதை ஊராட்சி தீர்மானமாக்கி, யார், எப்போது செய்வார் என்று எழுதட்டும். வேலை நடந்ததா என்று அடுத்த சபையில் கேட்பது ஊராரின் கடமை. செவிலியக் கோட்பாட்டாளர் டொரத்தி ஓரெமின் கோட்பாடு, தன்னைத் தானே பேணும் திறனை மக்களிடம் வளர்ப்பதும் செவிலியப் பணி என்கிறது. தண்ணீர்த் தொட்டியை மூடி வைப்பதும் கழிவுநீரைத் தெருவில் விடாதிருப்பதும் நம் பங்கு. அரசின் பங்கு, காலிப் பணியிடங்களை நிரப்புவதும் பதிவேட்டுச் சுமையைக் குறைப்பதும். அதைச் செய்யாமல், ஏற்கெனவே நிற்க நேரமில்லாதவர் மீது சபையில் பேசுவதை இன்னொரு வேலையாக ஏற்றுவது அநியாயம்.

மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்றும் இங்கே கிராம சபை கூடுகிறது. அங்கிருந்தே தொடங்கலாம்.